புதுசாக ஏதாவது மாட்டிய பிறகு கார் கோளாறு செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

போன மாதம் காத்ர் போர்னிலிருந்து ஒரு தமிழாசிரியர் தன் டொயோட்டா ஆக்ஸியோ காரைக் கொண்டுவந்தார். "தம்பி, இந்த டேஷ் கேமரா மாட்டினதிலிருந்து ரெண்டு தடவை பேட்டரி இறங்கிப்போச்சு. மட்டமான சரக்கு போலிருக்கு, கழற்றிடு" என்றார். பார்த்தேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியில் நேராக ஒட்டி, வயரையெல்லாம் உள்ளே மறைத்து, வேலை சுத்தமாகவே இருந்தது. கரண்ட் எடுத்த இடம்தான் தப்பு. சாவியை அணைத்த பிறகும் கரண்ட் இருக்கிற ஃபியூஸில் செருகியிருந்தார்கள். "ஐயா, கேமரா இருக்கட்டும்" என்று சொல்லி, அந்தச் செருகியை இரண்டு விரல் தள்ளி வேறு ஃபியூஸில் மாற்றினேன். அதோடு சரியாயிற்று.

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் பல வருஷமாக இதே வேலை செய்கிறேன். பொருளே கெட்டு வருகிற வண்டி குறைவு. கரண்ட் எங்கே எடுத்தார்கள், எர்த் (கரண்ட் திரும்பிப் போக வண்டியின் உலோகத்தோடு சேர்க்கிற வயர்) எங்கே கொடுத்தார்கள், வயரை எந்த வழியாக இழுத்தார்கள், இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும். மொரீஷியஸில் ஓடுகிற கார்களில் ஏராளமானவை ஜப்பானில் சில வருஷம் ஓடிவிட்டு வந்தவை என்பதால், வேறு ஊர்க்காரர்களுக்கு வராத இரண்டு மூன்று தொல்லைகளும் நமக்கு உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், பிளாஸ்டிக்கைக் கீறாமல் நெம்புகிற பிளாஸ்டிக் நெம்புகோல், துணி டேப். மீட்டர் இல்லாமல் வயரின் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். கடையில் வாங்கும் பொருளில் மஞ்சள் என்றால் எப்போதும் கரண்ட், சிவப்பு என்றால் சாவி போட்டால் கரண்ட், கறுப்பு எர்த். காரில் ஏற்கெனவே இருக்கும் வயர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று நிறம் வைத்திருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் கணக்கைப் பாருங்கள். சாதாரண டேஷ் கேமரா சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொண்டால், மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினாலே பாதிக்கு மேல் போய்விடும். பழைய பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆக்வா மாதிரி ஹைப்ரிட் வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி சின்னது. அது இறங்கினால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி கிளம்பாது. எனவே அவற்றில் இன்னும் கவனம் வேண்டும்.

வண்டி ஓரிரு மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியை அளந்தால் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். ஓடும்போதே 13-க்குக் கீழே நின்றால், மாட்டிய பொருளை விட்டுவிட்டு, பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்நேட்டரைப் பாருங்கள். ஆக்வா மாதிரி ஹைப்ரிட்டில் ஆல்டர்நேட்டர் கிடையாது. ஹைப்ரிட் வேலை தெரிந்த இடத்தில்தான் காட்ட வேண்டும்.

சார்ஜ் ஆவது சரி, ஆனாலும் இரவில் இறங்குகிறது என்றால் எது தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை இப்படிச் செய்வேன். பானட்டைத் திறந்துவைத்து, ஃபியூஸ் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவையும் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடியநிலைக்குக் கொண்டுவருவேன். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் சாவியாக இருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் அரை மணி நேரம் காத்திருப்பது. இந்தக் காத்திருப்பைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகலாம்.

பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். 0.0 என்றால் அந்த ஃபியூஸ் வழியாக எதுவும் ஓடவில்லை. எண் ஏதாவது காட்டினால் ஓடுகிறது. ஃபியூஸைப் பிடுங்காமலே இப்படிப் பார்ப்பது நல்லது; பிடுங்கிச் செருகினால் தூங்கிய கம்ப்யூட்டர் எழுந்துவிடும். மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி பேட்டரி நெகட்டிவுக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவில் கோர்க்கலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஆனால் அந்த நிலையில் கதவைத் திறந்தாலோ சாவியைத் திருப்பினாலோ மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடலாம்.

காரணம் கேமராதான் என்று தெரிந்தால் இரண்டு வழி. நிறுத்தியிருக்கும்போது பதிவு வேண்டாம் என்றால் மஞ்சள், சிவப்பு இரண்டையுமே சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸில் கொடுங்கள். பதிவு வேண்டும் என்றால், வோல்ட் குறைந்ததும் தானே அணைகிற இணைப்புப் பெட்டியை வாங்கி, அதன் அளவை 12.2-இல் வையுங்கள். 11.8 என்ற அளவும் அதில் இருக்கும். ஆனால் 11.8-க்கு இறங்கும்வரை விட்டால் பேட்டரி ஏறக்குறைய காலி.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய ஃபியூஸ் போட்டுச் சரிசெய்யாதீர்கள். 10 ஆம்பியர் சிவப்பு போகிறதென்று 20 ஆம்பியர் மஞ்சளைச் செருகினால், அடுத்து உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்.

ஃபியூஸ் பெட்டியில் கிளை எடுக்கிற இரட்டைச் செருகி போட்டிருந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அசல் ஃபியூஸை எடுத்துவிட்டு, அது இருந்த இரண்டு துளைகளையும் மீட்டரால் தொட்டால் ஒன்றில்தான் 12 வோல்ட் இருக்கும். கரண்ட் நுழைகிற அந்தத் துளையிலிருந்து புதுக்கிளை பிரிய வேண்டும். திருப்பிப் போட்டால் பழைய சாமான், புதுச் சாமான் இரண்டின் சுமையும் அசல் ஃபியூஸ் மேலேயே விழும். புதுச் சாமான் போன் சார்ஜர் என்றால், போனை நிதானமாக சார்ஜ் செய்யும்போது ஒன்றும் ஆகாது. வேகமாக சார்ஜ் ஏறும்போது பட்டென்று போகும்.

உள்விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றியபின் ரேடியோ, கடிகாரம், ரிமோட் எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிட்டன என்று பதறி வருகிறவர்கள் உண்டு. இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் அந்தக் குழல் பல்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கும். பல டொயோட்டாக்களில் கூரை விளக்கின் ஃபியூஸிலேயே அந்த மற்றவையும் தொங்குகின்றன. ஃபியூஸை மாற்றினால் எல்லாம் உயிர்பெறும்.

ஓட்டும்போது செட் அணைந்து அணைந்து வருகிறது

பள்ளத்தில் இறங்கும்போது, ஹெட்லைட் போடும்போது, ஹாரன் அடிக்கும்போது கேமராவோ ஸ்டீரியோவோ ஒரு நொடி இறந்து எழுந்தால் எர்த்தைப் பாருங்கள். நான் அவிழ்த்துப் பார்க்கும்போது முக்கால்வாசி ஒரே காட்சிதான்: பெயிண்ட் பூசிய திருகுக்கு அடியில் எர்த் வயரின் வளையத்தைச் சொருகி முறுக்கியிருப்பார்கள். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. திருகின் பல் தொடுகிற அளவுக்கு மட்டும் ஏதோ ஓடும். பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் வளையத்தை உட்காரவைத்து, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் பக்கம் கடலோரம் நிற்கும் வண்டிகளில் பச்சைப் பூசணம் மாதிரி ஒன்று திருகைச் சுற்றிப் படிந்திருக்கும். அங்கே கிரீஸ் இல்லாமல் விடவே கூடாது. பிளாஸ்டிக் பட்டனையோ, பிளாஸ்டிக்கை மட்டும் பிடிக்கிற திருகையோ எர்த் என்று நினைத்துவிடாதீர்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து அந்தத் திருகையும் பேட்டரி நெகட்டிவையும் தொட்டால் ஏறக்குறைய சுழியம் (0) காட்ட வேண்டும்.

ரேடியோவில் ஸ்டேஷனே வரவில்லை

ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் இது கோளாறே இல்லை. ஜப்பானில் எஃப்.எம். 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை. பிறகு 95 வரை நீட்டினார்கள். நம்முடையது 88-லிருந்து 108. அசல் செட்டுக்கு மேல்பகுதி காதிலேயே விழாது. செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைக் கோர்க்கிறோம். வருகிற அலைவரிசையை அது கீழே இறக்கிக் கொடுக்கும். 15 மெகாஹெர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால், 100-இல் வருவதை செட்டில் 85-இல் தேட வேண்டும்.

பெட்டி இருந்தும் எதுவும் வரவில்லை என்றால் அதன் சிவப்பு வயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஆன்டெனா செருகி இருக்கிறதே என்று அந்த ஒற்றை வயரைச் சும்மா தொங்கவிட்டிருப்பார்கள். கரண்ட் வந்தும் இரைச்சலாக இருந்தால், கூரை ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கிக்குப் போக வேண்டிய கரண்ட் அறுந்திருக்கலாம். அசல் செட் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும். புது செட்டில் நீல வயரை இணைத்தால்தான் கிடைக்கும். அதை ஒட்டாமல் விட்டால் போர்ட் லூயி நடுவில் கேட்கும், மலைப்பக்கம் போனால் கரகரக்கும்.

ரேடியோ நன்றாகத்தான் இருந்தது, கேமரா மாட்டியபின் கரகரக்கிறது

கேமராவின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். கரகரப்பு அந்த நொடியே நின்றால் சந்தேகம் தீர்ந்தது. 12 வோல்ட்டை 5 ஆக்குகிற சின்ன சுற்று ரேடியோ அலையையும் கக்குகிறது. மலிவான சார்ஜரில் அதைத் தடுக்கிற பாகங்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஆன்டெனா வயர் எந்தப் பில்லரில் (கண்ணாடி ஓரத்துத் தூணில்) இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கப் பில்லர் வழியாகக் கேமரா வயரைக் கொண்டுபோங்கள். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும். மீதிக்குக் கவ்விப் பிடிக்கிற ஃபெரைட் வளையத்தை வாங்கி, வயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிச் சார்ஜருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அந்தச் சார்ஜரை மாற்றுவது ஒன்றே வழி.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறுகிற ஊளைச்சத்தம் வேறு ரகம். போன் சார்ஜரிலும் இருக்கிறது, பாட்டை ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோகிற ஆக்ஸ் கேபிளிலும் இருக்கிறது, அப்போது மட்டும் ஊளை வருகிறது என்றால் இரண்டு வழியாக எர்த் சுற்றி வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். ஆக்ஸ் கேபிளுக்கு நடுவில் மாட்ட ஐசொலேட்டர் கிடைக்கிறது, அது போதும். ஆம்ப்ளிஃபையர் வைத்தவர்கள் ஸ்டீரியோவுக்கும் ஆம்புக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுங்கள். ஒலி வயரையும் பவர் வயரையும் வண்டியின் இரு பக்கமாகப் பிரித்து இழுங்கள்.

சாவியை அணைத்தால் ஸ்டீரியோ எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. நினைவு வைத்துக்கொள்ள எப்போதும் கரண்ட் வேண்டும். அது சாவியோடு சேர்ந்து போய்விடுகிறது. ஃபோக்ஸ்வாகனில் இது அடிக்கடி நடக்கும். பழைய ஃபோக்ஸ்வாகன் செருகிகளில் அந்த இரண்டு பின்னும் மற்ற கார்களுக்கு எதிர்மாறாக இருந்தன. பல ஸ்டீரியோக்களில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கோர்க்க அதற்கென்றே இரண்டு சின்ன இணைப்பான்கள் இருக்கும். கழற்றி மாற்றிச் செருகுங்கள்.

பேட்டரி கழற்றி மாட்டியபின் அசல் நேவிகேஷன் செட் பூட்டிக்கொண்டது

ஜப்பானிய எழுத்தில் ஏதோ கேட்டு நிற்கும். டொயோட்டாவின் சில செட்டுகள் கரண்ட் போனால் திருட்டு என்று எண்ணி ரகசிய எண் கேட்கும். சில, மேப் இருக்கும் எஸ்.டி. கார்டு இல்லாவிட்டால் எழாது. அந்தக் கார்டைப் பாட்டு ஏற்றுவதற்காக உருவி அழித்தவர்கள் இருக்கிறார்கள். செட்டைப் பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், பேட்டரியைக் கழற்றுமுன்பே அந்த மாடலுக்கு எண் கேட்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியபின் மனம்போன எண்ணை அடித்துப் பார்க்க வேண்டாம்.

ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பேசுகிறது

அது ஜப்பானின் சுங்கச்சாவடிக் கருவி. கார்டு செருகவில்லை என்று சொல்கிறது. நம் தீவில் அதற்கு வேலை கிடையாது. க்ளவ் பாக்ஸுக்குள்ளோ ஸ்டீயரிங்குக்குக் கீழேயோ சீட்டுக்கட்டு அளவில் இருக்கும். பின்னால் இருக்கும் செருகியை உருவினால் குரல் நின்றுவிடும். அந்தச் செருகியை வெட்டி எறிய வேண்டாம். அதில் எப்போதும் கரண்ட், சாவிக் கரண்ட், எர்த் மூன்றும் இருக்கின்றன. டேஷ் கேமராவுக்கு வேண்டிய மூன்றும் அவையே. மீட்டரால் எது எது என்று பிரித்து, அங்கேயே ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து இணைத்துவிட்டால் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் போகவே வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

சீட் கவர் போட்டபின் ஏர்பேக் விளக்கு எரிகிறது

இந்த இடத்தில் மட்டும் சொல்வதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறச் செருகி இருந்தால் அது ஏர்பேக்கினுடையது. கவரின் கொக்கியை மாட்ட அடியில் கைவிட்டபோது அது அசைந்திருக்கும். அல்லது கழற்றியிருந்த சமயம் யாரோ சாவி போட்டிருப்பார்கள். திரும்பச் செருகினாலும் விளக்கு தானாக அணைவது நிச்சயமில்லை. பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். அந்த மஞ்சள் வயரை மீட்டராலோ டெஸ்ட் லேம்பாலோ தொடவே தொடாதீர்கள். மீட்டர் அனுப்புகிற சின்னக் கரண்ட்டே பை வெடிக்கப் போதுமானதாகிவிடலாம். கைவைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். டொயோட்டா குறைந்தது 90 வினாடி என்கிறது. நான் பத்து நிமிஷம் விடுவேன்.

விளக்கே எரியாத ஆபத்து இன்னொன்று. சீட்டின் தோள் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால் பக்கவாட்டுப் பை அங்கிருந்துதான் கிழித்துக்கொண்டு வரும். அந்த இடத்தை முழுதாக மூடிய கவரைப் போட்டால் பை வெளியே வர வழி இல்லை. அந்தப் பக்கம் திறந்திருக்கும் கவரையோ, அங்கே பிரிந்துகொடுக்கிற தையல் வைத்த கவரையோ கேட்டு வாங்குங்கள். கேமரா வயரும் அப்படியே: முன்பில்லருக்குள் திரைப்பை (ஜன்னலோரம் திரை மாதிரி விரிகிற ஏர்பேக்) மடித்து வைத்திருந்தால் வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் பை விரியும்போது வயரைச் சாட்டை மாதிரி முகத்தில் வீசும். போன் ஹோல்டரைப் பயணி பக்கத்து ஏர்பேக் மூடியில் ஒட்டுவதும் அதே தப்பு.

ஆக்வா, ப்ரியஸ் வைத்திருப்பவர்கள் பின்சீட்டில் கவர் போட்டபின் ஹைப்ரிட் எச்சரிக்கை வந்தால், சீட்டின் அடியிலோ ஓரத்திலோ இருக்கும் காற்றுச் சல்லடையைப் பாருங்கள். பெரிய பேட்டரி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கவரோ துணிப்பையோ மூடினால் சூடேறும். அங்கே ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அது பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் வயர்; கையை எடுத்துவிடுங்கள்.

ஒட்டியது விழுகிறது, எல்.இ.டி. மினுக்குகிறது, எங்கோ கிடுகிடுக்கிறது

டேஷ்போர்டில் பளபளப்பு எண்ணெய் தடவியிருந்தால் எதுவும் ஒட்டாது. ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு ஒட்டுங்கள். 3எம் நிறுவனத்தின் நுரைடேப் அறைவெப்பத்தில் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய கையோடு கேமராவைத் தொங்கவிட்டு வெயிலில் நிறுத்தினால் சாயங்காலம் மடியில் கிடக்கும். வெள்ளிக்கிழமை தட்டை மட்டும் ஒட்டி, திங்கட்கிழமை கேமராவை மாட்டுங்கள்.

எல்.இ.டி. எரியாவிட்டால் திருப்பிச் செருகுங்கள்; அதற்கு முன்பின் உண்டு. அணைத்தபின்னும் மங்கலாக மின்னினால் விளக்கைக் கட்டுப்படுத்துகிற சுற்றில் கசிகிற கரண்ட்; ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும் கேன்பஸ் பல்பு வாங்குங்கள். குழல் பல்பு மினுக்கினால் நீளம் பொருந்தவில்லை. 31 மில்லிமீட்டருக்கும் 36-க்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது, அளந்து வாங்க வேண்டும்.

கிடுகிடுப்புக்கு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உள்ளங்கையால் ஒவ்வொரு பிளாஸ்டிக்காக அழுத்திப் பார்ப்பதே சிறந்த கருவி. டோர் பேடைக் கழற்றினவர் மாட்டும்போது கிளிப் ஒன்று உலோகத் துளையிலேயே தங்கியிருக்கும். பேடின் அந்த மூலை பிடிப்பில்லாமல் ஆடும். பயன்படாத செருகிகளைத் துணி டேப்பால் சுற்றுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, பிறகு வேலை செய்கிறவன் கையெல்லாம் பிசுபிசுக்கும்.

ஆக்ஸிலரேட்டர் சட்டென்று திரும்ப வரவில்லை

வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். புது மேட் பழைய மேட்டின் மேலேயே கிடக்கிறதா, ஓட்டுநர் பக்கத்தில் தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோவுக்கு அருகில் ஒரு லெக்ஸஸ் காரில் வேறு மாடலின் ரப்பர் மேட் போட்டிருந்ததால் பெடல் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு மேட்டைக் கழற்றும்படி அறிவிப்பு விட்டது. ஒரு மேட்தானே என்று விட்டுவிடாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஆக்ஸிலரேட்டரைக் கையால் தரைவரை அழுத்தி விடுங்கள். மேட்டை முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவிட்டு இன்னொரு தடவை அழுத்துங்கள். இரண்டு தடவையும் பெடல் எதையும் உரசாமல் எழுந்தால் அந்த மேட் உங்கள் வண்டிக்கு ஆகும். உரசினால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, வெறும் தரையோடு ஓட்டிப் போய்ச் சரியான அளவை வாங்குங்கள்.